அணைத்த பிறகும் மின்சாரம்

அத்தியாயம் 6

"வலது கை கிளவுஸை எதுக்குக் கழட்டினான்?"

செல்போன் திரையை விரல்களால் பெரிதாக்கியபடியே சாமுண்டீஸ்வரி கேட்டாள். படத்தில், ஆளுயரக் குழி ஒன்றுக்குள் ஓர் இளைஞன் சேற்றில் மண்டியிட்ட நிலையிலேயே முன்னால் சரிந்து கிடந்தான். இடது கையில் தடித்த ரப்பர் கையுறை. வலது கைக்கானது மடித்து இடுப்பு பெல்ட்டில் சொருகப்பட்டிருந்தது.

"வேர்த்திருக்கும்க்கா," என்றாள் ரஞ்சிதம். "சித்திரை மாசத்துல நம்ம செஞ்சில ரப்பர மாட்டிக்கினு வேலை செஞ்சா கை இட்லி மாதிரி வெந்துடும்."

"வேர்த்தா ரெண்டு கையும்தானே வேர்க்கும்?"

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது ரஞ்சிதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எதிரே இருந்தவர் தாண்டவராயன். படத்தில் கிடந்த சிவசங்கரின் அப்பா. வல்லத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட கொஞ்சம் கொல்லை நிலம், விவசாயம் ஓய்ந்த மாதங்களில் கொத்து வேலை என்று பிள்ளையை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தவர். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பெரியாஸ்பத்திரி எல்லா வாசலிலும் நின்றுவிட்டு, கடைசியாகக் காந்தி பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த இந்த மாடி அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைப் பரிசோதிக்கும் வேலையை விட்டுவிட்டு சாமுண்டீஸ்வரி தொடங்கிய துப்பறியும் நிலையம் அது. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலைதான் வரும். சாவு விசாரிக்கிற வேலை எப்போதாவது. உதவியாளர் ரஞ்சிதம்தான். ஆட்டோவும் அவளுடையது, வாயும் அவளுடையது.

"எம் புள்ள குடிக்க மாட்டாம்மா," என்றார் தாண்டவராயன். "ராஜகிரிக் கோட்டை மேல மூச்சு வாங்காம ஏறி எறங்குவான். அவனப் போயி நெஞ்சு நின்னு செத்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நெஞ்சு நின்னாத்தான எல்லாரும் சாவாங்க? எதனால நின்னுச்சுன்னு கேட்டா யாரும் வாயத் தொறக்கல."

"கம்பெனியில இன்னா சொல்றாங்க?"

"காலையிலயே கரண்ட நிறுத்திட்டாங்களாம். இல்லாத கரண்டு எப்படி அடிக்கும்னு என்னையே கேக்கறாங்க. ஊர்ல, வெயில்ல சரக்க ஊத்திக்கினு குழில எறங்கிட்டான்னு பேசறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்மா. கரண்டுதான் அடிச்சுதுன்னு அவங்க வாயால சொல்லணும். அவ்ளோதான்."

ஊரில் அதற்குக் 'கடல் கரண்டு' என்று பெயர். கிழக்கே கடலுக்குள் நட்ட காற்றாலைகளின் மின்சாரம் கடலடிக் கேபிளில் வந்து கரையேறி, மண்ணுக்கடியிலேயே திண்டிவனம், வல்லம் வழியாகச் செஞ்சிப் பக்கத்தில், அதை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் கன்வெர்ட்டர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்கிறது. கேபிளின் ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் இணைத்த இடங்களில் எல்லாம் ஒரு குழி. அப்படி ஓர் இணைப்பில் ஈரம் இறங்கிவிட்டது என்று பிரித்துச் செய்யப் போன ஜாயிண்டர்தான் சிவசங்கர். போன வாரம் அந்தக் குழியிலிருந்து அவனைத் தூக்கித்தான் எடுத்தார்கள்.

சாமுண்டீஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பார்க்கறேன் ஐயா," என்றாள். ஆகட்டும் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை.

தாண்டவராயன் படியிறங்கிப் போனதும் ரஞ்சிதம் சாவியை எடுத்தாள்.

"எங்கக்கா மொதல்ல?"

"கிளவுஸுக்குப் பின்னாடி. கேபிள் வேலை செய்யறவன் எப்பக் கையுறையக் கழட்டுவான்? எர்த் மாட்டியிருக்குது, இனிமே பயமில்லன்னு நம்பின பிறகுதான். விரலால தடவிப் பார்க்க வேண்டிய நுணுக்கமான வேலை வந்திருக்கும். கழட்டி, கீழ போடாம, மடிச்சு பெல்ட்டுல சொருகியிருக்கான். பதட்டத்துல இருக்கறவன் மடிக்க மாட்டான். நெஞ்சு வலிக்கறவனும் மடிக்க மாட்டான்."

"அப்ப எதையோ நம்பியிருக்காரு."

"எதைன்னு கண்டுபிடிக்கணும்."

கன்வெர்ட்டர் ஸ்டேஷன் வாசலில் செக்யூரிட்டிக்காரன் ஆட்டோவைப் பார்த்ததுமே கையை ஆட்டித் துரத்தினான். அதனால் எதிரிலிருந்த டீக்கடையில் காத்திருந்தார்கள். கண்ட்ரோல் ரூம் இன்ஜினீயர் அறிவுமதி அங்கே வந்தாள். சின்னப் பெண். தூங்காத கண்கள். சிவசங்கரோடு மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவள்.

"கரண்ட நிறுத்தினது நிஜம்தானா?" என்று நேராகக் கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"நிஜம் மேடம். நான்தான் நிறுத்தினேன். நம்ம வீட்டுக்கு வர்ற ஏ.சி. கரண்டுன்னா நிறுத்தினா அதோட சரி. கடலுக்கடியில அவ்வளவு தூரத்துக்கு ஏ.சி. தாங்காது, கேபிளே பாதியக் குடிச்சுடும். அதனால இது டி.சி. இதுல நிறுத்தின பிறகும் கேபிளுக்குள்ள தேங்கி நிக்கும். அத எர்த்ல வடிக்கணும். வடிச்சோம். மீட்டர் ஜீரோ காட்டுச்சு."

"ஜீரோன்னா ஜீரோதானே?"

அறிவுமதி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கிணத்த மோட்டார் போட்டு வறள இறைச்சாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி தண்ணி நிக்கும் இல்லையா? அப்படித்தான் மேடம். கேபிளோட தோல் மாசக்கணக்காக் குடிச்சு வச்சிருக்கறத மெதுவா வெளிய விடும். ஊறி ஊறி, ஒரு ஆளக் கொல்ற அளவுக்கு வந்துடும்."

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான் மேடம்," என்றாள் ரஞ்சிதம். "சண்டைய அணைச்சுட்டோம்னு நெனப்பேன். வுட்டுட்டுப் பார்த்தா ஊறிப் போய் நிக்கும்."

அறிவுமதி சிரிக்கவில்லை. ரஞ்சிதம் டீயை ஊதினாள்.

"அதனாலதான் வேலை முடியற வரைக்கும் எர்த் மாட்டியே வைப்போம். ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு, குழிப் பக்கம் ஒண்ணு. ஒரு டெஸ்டுக்காக ஸ்டேஷன் எர்த்தக் கொஞ்ச நேரம் எடுத்தோம். எடுக்கலாம், தப்பில்ல. ஏன்னா குழிப்பக்கத்து எர்த் இருக்குது. இதோ பாருங்க, சிவா மாட்டினதும் எனக்கு அனுப்பின போட்டோ."

படத்தில் சிமெண்டுத் தொட்டி. உள்ளே செம்பு பூசிய கம்பியின் தலை பளபளத்தது. அதில் கிளாம்பு இறுக்கமாக மாட்டியிருந்தது. குறை சொல்ல எதுவுமில்லை.

"இந்தக் கம்பி எத்தினி நீளம்?"

"மூணு மீட்டர். அவ்வளவும் மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும். அதனாலதான் மேடம், கரண்டு அடிக்க வழியே இல்லைன்னு கம்பெனி சொல்லுது. எனக்கும் பதில் தெரியல." எழுந்தவள், தயங்கி நின்றாள். "இன்னைக்கு மத்தியானம் அடுத்த குழியத் திறக்கறாங்க. அதே மாதிரிதான் வேலை. எனக்குப் பயமா இருக்குது."

சிவசங்கர் செத்த குழியைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடா அறுந்து வேலிமுள்ளில் தொங்கியது. கோடை மழை பெய்து அடியில் சேறு கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் செஞ்சிக்கே உரிய பெரும்பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. குழிக்குப் பக்கத்துப் பாறை மேட்டில் பச்சைப் பெயிண்ட் அடித்த எர்த் தொட்டி இருந்தது. மூடியைத் தூக்கினார்கள். போட்டோவில் பார்த்த அதே கம்பி, அதே பளபளப்பு. சாமுண்டீஸ்வரி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எர்த் இருக்குது. மாட்டியும் இருக்கான். நம்பினதும் சரியாத்தான் இருக்குது," என்றாள். "அப்ப நெஞ்சுதான் நின்னுச்சா?"

அவள் தோற்றுப்போன குரலில் பேசி ரஞ்சிதம் கேட்டதில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, பூவாயி என்கிற பெண் ஆடுகளை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். வரும்போதே ரஞ்சிதம் அவளிடம் வழி கேட்டுப் பழக்கம் பிடித்திருந்தாள்.

"யக்கா, தோ பாரு அந்த ஆட்டுக்கு வந்த வாழ்வ. என் கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு. அதுக்கு செம்புல மொளக்குச்சி!"

சாமுண்டீஸ்வரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்தாள்.

ஆட்டுக் கயிறு கட்டியிருந்த முளை சிவப்பாக வெயிலில் மின்னியது. பூவாயியிடம் கேட்டு, அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். முழ நீளம். மேல் முனை ஆக்ஸா பிளேடால் அறுத்தது. மண்ணுக்குள் இருந்த முனை கம்பெனியிலேயே சீவிய கூர்.

"ரஞ்சிதம், ஒரு கம்பிக்கு எத்தினி கூர் இருக்கும்?"

"ஒண்ணுதான். அடில."

"அந்த அடி இங்க ஆட்டக் கட்டியிருக்குது. அப்ப தொட்டிக்குள்ள எறங்கினது இன்னா?"

ரஞ்சிதத்துக்கு அடுத்த வார்த்தை தேவைப்படவில்லை. ஓடிப்போய்த் தொட்டிக்குள் கையை விட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். முதலில் அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. இரண்டு சாண். அடியில் ஒட்டியிருந்த சிமெண்டுக் காரை உதிர்ந்தது. வந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கரும்பாறை.

"மண்ணையே தொடலக்கா இது!"

"தொடல," என்றாள் சாமுண்டீஸ்வரி. "கம்பி பாறை மேல நின்னுது. அந்தப் பையன் சேத்துல மண்டி போட்டிருந்தான். ஊறி வந்த கரண்டுக்கு மண்ணுக்குப் போக ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. அவன்."

ரஞ்சிதம் கம்பியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடியே விட்டாள். குடித்துச் செத்தான் என்றவன் வாயிலெல்லாம் இந்தக் கம்பியாலேயே போட வேண்டும். கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவரிடம் போய் முதலில் தான்தான் சொல்ல வேண்டும்.

"பூவாயிக்கா, இந்த மொளக்குச்சிய யாரு குடுத்தது உனக்கு?"

"எனக்கு மட்டுமா? ஊர்ல ஆடு மாடு வச்சிருக்கற எல்லாருகிட்டயும் இருக்குது," என்றாள் பூவாயி. "கேபிள் வேலை நடந்தப்ப நம்ம தாண்டவராயன்தான் குடுத்தாரு. வீணாப் போறதுதான, வச்சுக்கன்னாரு. தங்கமான மனுசன். பாவம், புள்ளயப் பறிகொடுத்துட்டு நிக்கறாரு."

ரஞ்சிதத்தின் கை தானாக இறங்கியது.

ஆட்டோவுக்குத் திரும்பி வந்தும் அவள் கிளப்பவில்லை.

"சொல்ல வாணாம்க்கா."

சாமுண்டீஸ்வரி அறிவுமதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

"நான் நம்பறேன் மேடம். ஆனா என் பேச்சுக்கு வேலைய நிறுத்த மாட்டாங்க. எல்லாக் குழிக்கும் எர்த் டெஸ்ட் பண்ணிச் சரியா இருக்குன்னு சர்டிபிகேட் இருக்குது."

"டெஸ்ட் பண்ணினது யாரு?"

"குழி கட்டின சப் காண்ட்ராக்டரேதான். அந்தக் கம்பெனி இப்ப இல்ல. வேற பேருல வேற ஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க. எந்தெந்தக் குழில கம்பிய அறுத்தாங்கன்னு ஆளச் சொல்ல வச்சீங்கன்னா, நான் மேல போய்ச் சண்டை போட்டுப் பார்க்கறேன்."

போன் வைத்தாயிற்று.

"நாமளே போய் அந்தக் கம்பியப் புடுங்கிக் காட்டுவோம்க்கா," என்று கெஞ்சினாள் ரஞ்சிதம். "அவரு பேரே வர வாணாம். யாரோ வச்சான், யாரோ அறுத்தான்."

"இன்னைக்கு ஒரு குழியக் காட்டுவோம். கடல் வரைக்கும் இருக்கற குழிய யாரு காட்டுவா? எந்தப் புள்ள எந்தக் குழில எறங்கப் போகுதோ. தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான்."

ரஞ்சிதம் ஆட்டோவைக் கிளப்பினாள்.

தாண்டவராயன் கொல்லையில் தனியாக மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். கையில் பிடுங்கிய ஒரு செடி.

"எதாச்சும் தெரிஞ்சுதாம்மா?"

சாமுண்டீஸ்வரி வரப்பில் உட்கார்ந்தாள். "ஐயா, கேபிள் வேலை நடந்தப்ப நீங்களும் வேலைக்குப் போனீங்களா?"

"போனேனே. எர்த் குழி கட்டற கொத்து வேலை. எம் புள்ள அப்ப குஜராத்துல ட்ரெய்னிங்ல இருந்தான். போன் பண்ணி, நீ வந்து வேலை செய்யப்போற எடத்துக்கு உனக்கு முன்னால நான் போய்ட்டேன்டான்னு சொன்னேன். அப்படிச் சிரிச்சான்."

"பாறை வந்த எடத்துல கம்பிய எப்படி எறக்கினீங்க?"

"எங்க எறங்குது? சம்மட்டியால அடிச்சா கைதான் வலிக்கும். தொளை போடற மெஷினு வேணும்னு கேட்டோம். பொன்னுசாமின்னு ஒரு சூப்பர்வைசரு. மெஷினுக்கெல்லாம் நேரமில்ல, அறுத்து வச்சுப் பூசு, மேல தலை தெரிஞ்சா போதும்னாரு. இது எதுக்கு சார்னு கேட்டேன். சும்மா இடிதாங்கி மாதிரி ஒண்ணு, பேருக்கு இருக்கணும்னாரு. நானும் சுத்தமாப் பூசிக் குடுத்தேன். என் பூச்சுல ஒரு வெடிப்பு..."

அங்கே நிறுத்தினார்.

"ஏம்மா கேக்கற?"

சாமுண்டீஸ்வரி துணிப்பையிலிருந்து அந்த இரண்டு சாண் கம்பியை எடுத்து வரப்பின்மேல் வைத்தாள்.

தாண்டவராயன் அதைத் தொடவில்லை. அறுத்த முனையையே பார்த்தார். பிளேடு கொஞ்சம் சாய்ந்து இறங்கிய அறுப்பு. ஒவ்வொருவருக்கும் கையெழுத்து ஒவ்வொரு மாதிரி இருப்பது போலத்தான் அறுப்பும் என்று ரஞ்சிதத்துக்குப் பட்டது.

"இது எங்க இருந்துச்சு?"

"சிவசங்கர் வேலை செஞ்ச குழிப்பக்கத்துல."

அவர் அழுவார், விழுந்துவிடுவார், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ரஞ்சிதம் ஓரடி முன்னால் வந்தாள். அவர் கையிலிருந்த செடியை உதறி மண்ணைப் போக்கினார். பிடுங்கி அடுக்கியிருந்த வரிசையில் வேர்ப்பக்கம் ஒன்றுபோல வரும்படி அதையும் வைத்தார். வைத்த பிறகும் நிமிரவில்லை.

"கரண்டு அடிச்சுதான் செத்தானா?"

"ஆமா ஐயா."

"குடிக்கல."

"இல்ல. நல்லாத்தான் வேலை செஞ்சிருக்காரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

சாமுண்டீஸ்வரி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "இன்னைக்கு மத்தியானம் அடுத்த குழியத் திறக்கறாங்களாம். அதான் கேக்க வந்தோம்."

தாண்டவராயன் நிமிர்ந்தார். "புளியமரத்துக் குழியா?"

"ஆமா."

"ஐயோ, அது பூராப் பாறைம்மா," என்றவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஆட்டோவை நோக்கி ஓடினார்.

புளியமரத்துக் குழிக்கு மேலே நீலத் தார்ப்பாய்க் கூடாரம் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் உள்ளே இறங்கியிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட சேஃப்டி ஆபீசர் கையை விரித்து வழியை மறித்தார். சாமுண்டீஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். அவர் சர்டிபிகேட்டைக் காட்டினார். அவள் அறுத்த கம்பியைக் காட்டினாள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கென்ன தெரியும் என்றார். ரஞ்சிதம் அவருடைய வம்சத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

இந்த இரைச்சலில் தாண்டவராயனை யாரும் கவனிக்கவில்லை. அவர் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு எர்த் தொட்டிக்குப் போய் மூடியைத் தள்ளினார். அங்கே கிடந்த ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, கிளாம்பு மாட்டியிருந்த கம்பியைப் பிடித்தார். கம்பியை மட்டும் பார்த்தார், தம் பிடித்து இழுத்தார். தானே பூசிய பூச்சு, தன் கையாலேயே பெயர்ந்தது. கிளாம்போடும் வயரோடும் வந்த குட்டைக் கம்பியை எல்லாருக்கும் தெரியும்படி பாறைமேல் போட்டார்.

குழிக்குள் இருந்த இரண்டு பேரும் ஒரே தாவலில் மேலே வந்து நின்றார்கள்.

சேஃப்டி ஆபீசர் முதலில் செய்தது, போனை எடுத்து வீடியோவைத் தட்டியதுதான்.

"யாரு நீங்க? பேரச் சொல்லுங்க."

"தாண்டவராயன்."

"இது அறுத்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அறுத்தது நான்தான். அறுக்கச் சொன்னது சூப்பர்வைசர் பொன்னுசாமி. இன்னும் பாறை வந்த எல்லாக் குழியிலயும் இப்படித்தான் இருக்குது. நான் காட்டறேன், எழுதிக்கங்க." ஒரு மூச்சு விட்டார். "போன வாரம் செத்த சிவசங்கர் எம் புள்ள."

வேலை நின்றது. வயரைச் சுருட்டினார்கள். மேலே வந்தவர்களில் ஒருவன் புளியமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டான். இனியன் என்று பேர். போன வாரமும் சிவசங்கரோடு குழிக்குள் இருந்தவன், அந்த நேரம் டேப் எடுக்க மேலே ஏறியதால் தப்பித்தவன். ரஞ்சிதம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். குடித்துவிட்டு, தாண்டவராயன் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னான்.

"எர்த்த மீட்டர் வச்சு செக் பண்ணிட்டுத்தான்க்கா கிளவுஸக் கழட்டணும். சிவா அண்ணன் எப்பவும் ரெண்டு தபா பாப்பாரு. அந்தக் குழில மட்டும் பாக்கல. நான் மீட்டர எடுத்தேன். வாணாண்டான்னாரு."

"ஏன்?"

"எங்க நைனா கட்டின குழிடா இது, செக் பண்ணினா அவரக் கேவலப்படுத்தற மாதிரின்னு சிரிச்சாரு."

ரஞ்சிதம் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தாள். சாமுண்டீஸ்வரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழ்வதற்குள் அறிவுமதியிடமிருந்து போன் வந்தது. கம்பெனி அறிக்கை விட்டுவிட்டதாம். ஊழியர் சிவசங்கர் மின்சாரம் பாய்ந்தே இறந்தார் என்பது உறுதியாகியிருக்கிறது. எர்த் கம்பிகளை அறுத்துத் திருடிய உள்ளூர்க் கொத்தனார் மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம்.

"பொன்னுசாமி பேரு?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"இல்ல மேடம். சப் காண்ட்ராக்டர் பேரு இல்ல. சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிட்டவங்க பேரு இல்ல. நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். ஒரே ஒரு பேருதான் வெளிய வந்திருக்குது." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "என்னைய நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க. ஆனா எல்லாக் குழியிலயும் வேலைய நிறுத்திட்டாங்க. அத மட்டும் பண்ணிட்டேன்."

தாண்டவராயனிடம் சாமுண்டீஸ்வரியே சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "கரண்டுதான் அடிச்சுதுன்னு சொல்லிட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். செஞ்சி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். ஜீப்பு வர வேண்டாம், நாங்களே கூட்டி வருகிறோம் என்று அவள் சொல்லியிருந்தாள். தெரிந்த வக்கீல் ஒருவருக்கும் சொல்லியிருந்தாள். வக்கீல், சூப்பர்வைசர் வாயால் சொன்னதற்குச் சாட்சி யாரும்மா என்று கேட்டுவிட்டு, சரி, பார்க்கலாம் என்றார்.

ஆட்டோ செஞ்சியை நெருங்கியது. ராஜகிரி மேல் கடைசி வெயில் இருந்தது. கண்ணாடியில் தாண்டவராயனின் முகம் ஆடி ஆடித் தெரிந்தது.

"ஏம்மா ரஞ்சிதம்."

"சொல்லுங்க."

"அந்தக் குழி நான் கட்டினதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பின்சீட்டில் சாமுண்டீஸ்வரி வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பொய் சொல்லாதே, தெரிந்ததை மட்டும் சொல் என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் ரஞ்சிதத்துக்குச் சொன்ன ஒரே பாடம்.

"தெரியாது நைனா," என்றாள் ரஞ்சிதம். "வழி பூராக் குழிங்க. எது யாரு கட்டினதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"கூட இருந்த தம்பி எதாச்சும் சொன்னானா?"

"கேட்டேனே. ஒண்ணும் பேசிக்கலன்னான். வேலைய மட்டும் பாத்துக்கினு இருந்தாராம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் அதை நம்பினாரா என்று கண்ணாடியில் தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நின்றது. தாண்டவராயன் இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கழற்றும்படி அங்கே யாரும் சொல்லவில்லை.